புல்வெளியும் புல்லுக்கட்டும்

நாவலப்பிட்டியிலிருந்து ஏறிவரும் வீதியும், அவிசாவளையிலிருந்து கித்துள்கலை வழியாக வளைந்து வளைந்து வரும் வீதியும் ஒன்று கூடுமிடம் கினிகத்தேனை. மழைக்குப் பெயர்போன பக்கம். அடுத்துள்ள வட்டவளையில் ஓராண்டிலே 5,000 மில்லிமீற்றருக்கும் மேலாகப் பெய்வதுண்டு. குடையின்றி அவ்வூருக்குப் போனவன் நனையாமல் திரும்பினான் என்றால் நம்புவதற்கு ஆளிராது. ஆயினும், ஊரின் பெயரில் இருப்பது நீரன்று, நெருப்பு. சிங்களத்தில் ‘கினி’ என்பது தீ; ‘கத்’ என்பது பற்றிய; ‘ஹேன’ என்பது காடெரித்துச் செய்யும் சேனைப் பயிர்நிலம். தீப்பற்றிய சேனை என்பதே கினிகத்தேனை.

மலைநாட்டின் வரலாற்றைத் தேடுபவன் இந்தப் பெயரிலிருந்தே தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் இந்நாட்டு மலையுச்சிகளில் பரந்துகிடக்கும் புல்வெளிகளுக்கும் தீக்கும் நெடுங்கால உறவுண்டு. அப்புல்வெளிகளைச் சிங்களத்தில் ‘பத்தன’ என்பர். நம்மவர் நாவில் அது ‘பத்தனை’ ஆயிற்று. கொட்டகலைக்கு அருகே பத்தனை என்றே ஓர் ஊர் உண்டு. ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்திருப்பது அங்கேதான். அங்கே பயின்று ஆசிரியராகி வந்த அன்பர் பலர் இதனைப் படிக்கக்கூடும். தாம் பயின்ற ஊரின் பெயர் புல்வெளி என்று பொருள்படுவதை அவர்களுள் எத்தனை பேர் மாணவரிடம் கூறியிருப்பார்களோ!

கினிகத்தேனையிலிருந்து அட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று மேலேறிச் சென்றால், தேயிலை மெல்லப் பின்வாங்குகிறது. அம்பேவளையை அடையும்போது காற்றின் சுவையே மாறிவிடுகிறது. அதற்கும் அப்பால், 6,226 அடி உயரத்தில், இந்நாட்டுப் புகையிரத நிலையங்களுள் மிக உயரமான பட்டிப்பொல நிற்கிறது. அதன் பின்னே, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் ஹோட்டன் சமவெளி. மலையின் தலையில் ஒரு சமவெளி! 1834ஆம் ஆண்டில் வேட்டைக்கு அலைந்த ஆங்கிலப் படையதிகாரிகள் அதனைக் கண்டு, அந்நாளைய தேசாதிபதி வில்மட் ஹோட்டனின் பெயரைச் சூட்டினார்கள். ஆளரவமற்ற புல்; இடையிடையே குட்டை மரக்காடு; செந்நிறப் பூச்சொரியும் மகாரத்மல்; பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை கூட்டமாய்ப் பூக்கும் நெலு. நம் குறிஞ்சியின் உறவுச் செடியே இந்த நெலு.

இத்தகைய நிலத்தைக் காணும் எவனுக்கும் முதலில் தோன்றும் எண்ணம், ‘இங்கே ஆயிரம் மாடு மேய்க்கலாமே’ என்பதுதான். அந்த எண்ணத்தின் கதையையே இங்கு சொல்லப் புகுந்தேன்.

எண்ணியவர்களுள் முதன்மையானவர் சாமுவேல் பேக்கர். பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புகழ்பெற்ற அதே பேக்கர்தான். காய்ச்சலில் மெலிந்து நுவரெலியாவுக்கு வந்தவர், இரண்டு வாரத்தில் உடல் தேறியதைக் கண்டு, அக்குளிர் நிலத்தில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நட்டுவிடத் தீர்மானித்தார். 1848இல் கப்பலிலே ஆட்கள், கலப்பைகள், குதிரைகள், செம்மறிகள், வேட்டைநாய்கள், புகழ்பெற்ற டேர்ஹம் இனப் பசுவொன்று எல்லாம் வந்து இறங்கின. இறங்கிய பசு நுவரெலியாவைக் காணவேயில்லை. கொழும்பிலிருந்து மலையேறும் வழியிலேயே அது மாண்டது. பின்னர் நடந்ததைப் பேக்கரே ‘இலங்கையில் எட்டாண்டு அலைச்சல்’ என்று பொருள்படும் தம் நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். உருளைக்கிழங்கைப் புழு தின்றது. ஓட்ஸ் பயிரை மரையும் பன்றியும் மேய்ந்தன. மாடுகளிடையே தொற்றுநோய் புகுந்து, சில நாட்களுக்குள் 26 எருதுகள் இறந்தன. கண்ணுக்குக் குளிர்ச்சியாயிருந்த மண்ணோ, எருவிடாமல் எதையும் தர மறுத்தது. 1855இல் அவர் இந்நாட்டைவிட்டுப் போனார்.

ஏன் இப்படி நேர்ந்தது? இந்த வினாவுக்கு விடை காண, உலகின் மறுபுறத்தை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், மலைத்தொடர்களுக்கு இடையே உயர்ந்த மேட்டுநிலங்கள் உண்டு. அவை வறண்ட பாலைகள். மழை மிகக் குறைவு. ஆகவே புல்லும் குறைவு. ஒரு மாட்டுக்குப் பல ஏக்கர் நிலம் வேண்டும். அதனாலேயே அங்கே மந்தைகள் பரந்து மேய்ந்தன. மேய்ப்பவன் குதிரைமேல் ஏறினான். திரைப்படங்களில் நாம் காணும் அந்தக் குதிரைவீரர் வாழ்வு அங்கும் வேரூன்றியது. நம் மலையுச்சியின் கதை இதற்கு நேர்மாறானது. இங்கே வானம் வஞ்சிப்பதில்லை, கொட்டித் தீர்க்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாய்ப் பெய்த மழை, மண்ணிலிருந்த சுண்ணாம்புச் சத்தையும் பிற உப்புகளையும் அரித்துக் கொண்டுபோய்விட்டது. எஞ்சியிருப்பது கறுத்த, புளித்த மண். அதில் முளைக்கும் கோரையொத்த புல் கண்ணுக்குப் பசுமை. பசுவின் வாய்க்கு வைக்கோல். அங்கே மழையின்மையால் பாலை. இங்கே மழையினாலேயே பாலை.

குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டு வளம் குன்றும்போது பாலை தோன்றுகிறது என்று இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் காட்டுகிறார். பச்சைப் பசேலென்ற பாலையும் உண்டு என்பதை அவருக்குச் சொல்ல அந்நாளில் எவரும் ஹோட்டன் சமவெளியிலிருந்து போகவில்லை போலும்!

இப்பத்தனைகள் எவ்வாறு தோன்றின என்பது அறிஞரிடையே நெடுநாள் வழக்கு. 1899இல் பியர்சன் என்ற தாவரவியலார் இவற்றை ஆராய்ந்து விரிவாக எழுதினார். மனிதன் வைத்த தீயே காரணம் என்போர் ஒரு சாரார். மண்ணும் உறைபனியும் காற்றுமே காரணம் என்போர் மற்றொரு சாரார். அண்மைக் காலத்தில் ஹோட்டன் சமவெளிச் சதுப்பின் அடியிலுள்ள மகரந்தத் தூள்களை எடுத்து ஆராய்ந்தவர்கள், பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு தீயிடலும் மேய்ச்சலும் நிகழ்ந்தமைக்கு அடையாளம் இருப்பதாகக் கூறினார்கள். அதனை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்வதற்கில்லை. எப்படியாயினும், வெள்ளையர் கண்டபோது அந்த வெளியில் ஆயர்குடி எதுவும் இருக்கவில்லை. கண்டி நாட்டார் எருமையும் மாடும் வளர்த்தது பள்ளத்தாக்கு வயல்களை உழவும் மிதிக்கவுமே. மலைப்பாதைகளில் நடந்தவை ‘தவலம’ எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்கள்.

இங்கேதான் நீலகிரியை எண்ணிப் பொறாமைப்படத் தோன்றுகிறது. கடலுக்கு அப்பால், இதே உயரத்தில், இதே புல்லும் இதே குட்டைக்காடும் உள்ள மேட்டுநிலத்தில், தோடர் என்னும் குடியினர் எருமையை நம்பியே ஒரு முழு வாழ்வை அமைத்துக் கொண்டனர். அவர்களுடைய கோயில் பாற்கொட்டில். பூசாரி பால் கறப்பவன். அவர்களுடைய ஊர் ‘மந்து’ என வழங்கப்படுவதும், நாம் ‘மந்தை’ என்பதும் உறவுச் சொற்கள் என்று மொழிநூலார் கருதுவர். கொழுத்த சீமைப் பசு சுருண்டு விழும் புல்லில், நெடிய கொம்புடைய தோட எருமை நிமிர்ந்து நின்றது. நிலத்துக்கு ஏற்ற விலங்கையும் விலங்குக்கு ஏற்ற வாழ்வையும் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். பேக்கருக்கு அவகாசம் இருந்தது எட்டு ஆண்டு மட்டுமே.

பேக்கர் தோற்ற பின்னரும் மலைநாட்டில் மாடு இல்லாமற் போகவில்லை. ஆனால் அது மேயும் மாடாக இல்லை. எருக்கொடுக்கும் மாடாகவும் இழுக்கும் மாடாகவுமே இருந்தது. கோப்பிக் காலத்தில் தோட்டந்தோறும் மாட்டுப்பட்டி இருந்தது. பாலுக்காக அன்று, கோப்பிச் செடிக்குச் சாணம் வேண்டும் என்பதற்காக. அம்மாடுகளுக்கென்றே கினிப்புல் பயிரிடப்பட்டது. புகையிரதம் நாவலப்பிட்டியை எட்டியது 1874இல், அட்டனை எட்டியது 1884இல். அதுவரை திக்கோயா, திம்புளைப் பக்கத்துக் கோப்பியும், நம் முன்னோர் உண்ட அரிசியும் மாட்டுவண்டியிலேயே இந்தக் கினிகத்தேனைக் கணவாய்ப் பக்கமாக ஏறி இறங்கின. எத்தனை எருதுகள் இவ்வளைவுகளில் முழந்தாள் மடிந்து விழுந்திருக்கும்! வழியோரத்தில் மாண்ட மனிதருக்கே நடுகல் இல்லாத நாட்டில் எருதுக்கு யார் நடுவார்? 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது, கோப்பி போயிற்று, தேயிலை வந்தது, மூட்டையில் உரம் வந்தது, தோட்டத்துப் பெரிய பட்டிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன.

புல்வெளிக் கனவு பின்னும் கலையவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அதனை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அம்பேவளையில் பெரும் பண்ணை எழுந்தது. 1950இல் தோன்றிய கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசீலாந்து துணைபுரிந்தது. இன்றும் அங்கே ஒரு பகுதிக்கு நியூசீலாந்துப் பண்ணை என்றே பெயர். இம்முறை ஆட்சியாளர் பேக்கரைவிட எச்சரிக்கையோடு இருந்தனர் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பத்தனைப் புல்லை நம்பவில்லை. புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு இட்டார்கள். ஆபிரிக்காவின் கிக்குயூப் புல்லை வேரூன்றச் செய்தார்கள். பிரீசியன், அயர்சயர் முதலிய கறவை இனங்களை வளர்த்தார்கள். அப்பண்ணை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தனியார் கைக்குப் போயிற்று. அக்கரப்பத்தனைப் பக்கத்துப் போபத்தலாவை போன்ற பண்ணைகள் அரசின் கால்நடை அபிவிருத்திச் சபையிடம் உள்ளன. இன்று விடுமுறை நாட்களில் அம்பேவளைக்குச் செல்லும் கூட்டம், வேலிக்கு அப்பால் நிற்கும் மாட்டையும் அதன் பின்னே சுழலும் காற்றாடிகளையும் படம்பிடித்துக்கொண்டு, ‘குட்டி நியூசீலாந்து’ என்று வியந்து திரும்புகிறது. அழகிய காட்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்நாட்டு மலைகளில் மாடு வளர்த்தவர் யார் என்று கேட்டால், அந்தப் படத்துக்குள் அவர் இல்லை.

அவர் லயத்தின் பின்புறத்தில் இருக்கிறார்.

தோட்டத்துக் குடும்பமொன்றின் கறவைப் பசு எப்படி வாழ்கிறது என்பதை அருகிருந்து பார்த்தவர் அறிவர். லயத்துக்குப் பின்னால், கானுக்கு மேலே, பழைய தகரமும் சவுக்கு மரக்கட்டையும் கொண்டு அமைத்த ஒரு கொட்டில். உள்ளே ஒன்று அல்லது இரண்டு மாடு, ஒரு கன்று. அந்த மாடு தன் வாழ்நாளில் ஒரு புல்வெளியைக் கண்டதில்லை. கொட்டில்தான் அதன் உலகம். புல் அதனிடம் நடந்து வருகிறது. ஒரு பெண்ணின் தலைமேல். விடியுமுன் எழுந்து சாணம் வாரி, பால் கறந்து, பாற்சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய், அங்கே பாலின் கொழுப்பை அளந்து எழுதும் வரை காத்திருந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பிரட்டுக்குப் போகிறாள். நாள் முழுவதும் கொழுந்தெடுத்து நிறுத்துக் கொடுத்த பின்னர், மற்றவர் அடுப்படிக்குத் திரும்பும் வேளையில், அவள் அரிவாளும் கயிறுமாய் ஆற்றோரத்துக்கு இறங்குகிறாள்.

அந்தப் புல் யாருடையது? இக்கேள்வியில்தான் இந்த வாழ்வின் முள் இருக்கிறது. ஆற்றோரமும் தோட்டத்துடையது, வீதியோரமும் தோட்டத்துடையது, கொட்டில் நிற்கும் பத்தடி நிலமும் தோட்டத்துடையது. மாடு மட்டுமே அவளுடையது. முற்காலத்தில் துரை அனுமதித்தால் மாடு, இல்லையேல் இல்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளுக்குச் சென்றது. மாடு வளர்ப்பவனின் கால்கீழ் நிலம் மட்டும் கைமாறி அவனிடம் வரவில்லை. இந்தப் பத்தாண்டுகளில் தனிவீட்டுக்கென 7 பேர்ச் காணி கொடுக்கப்பட்ட இடங்களிலும், வீடு கட்டிய பின் கொட்டிலுக்கு இடமேது, புல்லுக்கு இடமேது? தேயிலை நிரைகளுக்கிடையே முன்பு களைபிடுங்கிய புல்லாவது கிடைத்தது. களைநாசினி தெளிக்கும் வழக்கம் வந்த பின் அதனையும் அஞ்சி அஞ்சியே அறுக்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்குச் சிறுத்தை. ‘புலி’ என்றே தோட்டத்தில் அதனைச் சொல்வார்கள். இரவில் கன்று கத்தினால் வீடே விளக்கோடு வெளியில் நிற்கும்.

இவ்வளவு துன்பத்தோடு எதற்காக மாடு? இதனை ஒரு முறை, எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்துத் தாயிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“ஐயா, பேர் போடாத நாளுக்குச் சம்பளம் இல்ல. மழையோ வெயிலோ, மாடு மட்டும் பேர் போடும்” என்றாள்.

அவ்வளவுதான். பொருளியல் நூலொன்றில் இதனைப் பத்துப் பக்கம் எழுதுவார்கள். மாதச் சம்பளம் கடனுக்குப் போனாலும் பாற்காசு கைக்கு வரும். அது பிள்ளையின் படிப்புக்கு. சாணம் கொட்டிலுக்கு அருகிலுள்ள லீக்ஸ் பாத்திக்குப் போகும். அவளுடைய மூத்த மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தது அந்தப் பாலிலே என்பதை அவள் சொல்லவில்லை; நான் அறிவேன். மலையகப் பள்ளிகளில் கற்பிக்கும் ஆசிரியர்கள் தம் வகுப்பில் ஒரு முறை விசாரித்துப் பார்க்கட்டும். எத்தனை பிள்ளைகளின் பாடப்புத்தகப் பையைப் பசு சுமக்கிறது என்பது தெரியவரும்.

இம்மனிதர்களுக்குப் புல் கற்றுக் கொடுத்தவரும் உண்டு. இப்போது கொட்டிலோரங்களில் ஆளுயரத்துக்குமேல் வளர்ந்து நிற்கும் ‘கோ-3’ என்னும் கலப்பு நேப்பியர்ப் புல் தோன்றியது கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில். கடல் கடந்து மலையேறி வந்து, ஒதுக்குப்புறத்தில் வேரூன்றி, வெட்ட வெட்டத் தழைக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வேரூன்றியவை எல்லாம் அப்படித்தான் போலும். தேயிலைக்கு நிழலாக நட்ட கல்யாண முருங்கையின் தழையும் பசுவுக்கு நல்ல உணவு. ஆனால் கிளை ஒடித்ததைக் கணக்கப்பிள்ளை காணாதிருக்க வேண்டும்.

பெரிய கனவுகள் மட்டும் பழைய வழியையே விடுவதில்லை. 2017இல் பால் உற்பத்தியைப் பெருக்கவென்று ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசீலாந்திலிருந்தும் ஆயிரக்கணக்கான கறவைகள் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தன. வாங்கிய பண்ணையாளர் பலர், மாடுகள் நோயுற்றன, கன்றுகள் இறந்தன, சொன்ன அளவு பால் கறக்கவில்லை, கடனே மிஞ்சியது என்று முறையிட்டார்கள். பேக்கரின் டேர்ஹம் பசு மாண்டு ஏறத்தாழ 170 ஆண்டு கடந்த பிறகு இது நடந்தது! இடையில் நூலகத்துக்குப் போய் அந்த நூலைப் புரட்டியிருந்தால் செலவு மிகக் குறைவாக முடிந்திருக்கும். கினிகத்தேனைக்கு அருகே வட்டவளை லொனாக் தோட்டத்தில், தேயிலைக் கம்பனியொன்று நவீன முறையில் பெரும் கறவைப் பண்ணை அமைத்திருக்கிறது. அங்கும் மாடுகள் மலையில் மேய்வதில்லை. கூரையின்கீழ் நிற்க, தீவனம் அவற்றிடம் வருகிறது. கவனித்தீர்களா? பெரிய பண்ணையும் கடைசியில் லயத்துக் கொட்டிலின் வழிக்கே வந்து சேர்ந்திருக்கிறது. வேறுபாடு, அங்கே புல் இயந்திரத்தில் வருகிறது என்பதே.

2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது, அதுவரை மூக்கைப் பொத்திக்கொண்டு லயத்தைக் கடந்தவர்கள் சாணம் கிடைக்குமா என்று கேட்டு வந்தார்கள். அடுத்து வந்த நெருக்கடியில் பால்மாப் பெட்டிக்குக் கடைகளின் முன் வரிசை நின்றபோது, பசு வைத்திருந்த வீட்டில் மட்டும் குழந்தைக்குப் பால் இருந்தது. அயல்வீட்டுக் குழந்தைக்கும் ஒரு கோப்பை இருந்தது. பின்னர் உரமும் வந்தது, பால்மாவும் வந்தது. கேட்டு வந்தவர்கள் திரும்ப வரவில்லை.

தைப்பொங்கலுக்கு மறுநாள் பட்டிப்பொங்கல். நகரத்தில் அது பெரும்பாலும் நாட்காட்டியில் மட்டுமே உண்டு. தோட்டத்தில் அன்று கொட்டிலுக்குச் சுண்ணாம்பு பூசி, மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு நிறமிட்டு, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கழுத்தில் காட்டுப்பூ மாலை கட்டுவார்கள். நுவரெலியாப் பக்கத்தில் சில ஆண்டுகளில் அந்நாட்களில் உறைபனி விழும். புல் நுனி கருகிக் கிடக்கும். மாலைக்குப் பூத் தேடுவதே பெரும்பாடு. அப்போது தேயிலைப் பூவையே கோத்துவிடுவார்கள். பஞ்சகச்சமும் புல்லாங்குழலும் இல்லாவிட்டால் என்ன? ஐந்திணை வகுத்தவன் வந்து பார்த்தால், குறிஞ்சி மலையிலே இதென்ன முல்லைச் சடங்கு என்று ஒரு கணம் திகைப்பான். பிறகு பொங்கலை வாங்கிக்கொண்டு அமர்ந்துவிடுவான்.

கடந்த மழைக்காலத்தில் ஒரு மாலை, வட்டவளையிலிருந்து கினிகத்தேனைக்கு வரும் பேருந்தில் இருந்தேன். மூடுபனியில் வீதி தெரியவில்லை. சாரதி விளக்கைப் போட்டு ஊர்ந்தார். வளைவொன்றில் ஒளி பட்டபோது, வீதியோரமாய் மூன்று புல்லுக்கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து போய்க்கொண்டிருந்தன. கட்டுகளின் கீழே ஆள் தெரியவில்லை. சேறு படிந்த கால்கள் மட்டும் தெரிந்தன. நீர் சொட்டச் சொட்ட அவை ஒரு குறுக்குப்பாதையில் திரும்பி லயத்தை நோக்கி ஏறின. மேலே எங்கோ ஒரு மாடு குரல் கொடுத்தது.